கியரைக் கழற்றிய நர்ஸ்

எண்பதுகளில் ஒரு நாள், ஒடுகத்தூரிலிருந்து மலையேறும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கிராம நர்ஸும் வயதான மலை விவசாயி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸின் சைக்கிள் பஸ்ஸின் கூரைமேல் கட்டியிருந்தது.

"கியரையெல்லாம் கழட்டிட்டேங்க. இனிமே மலையில கவலையில்ல," என்றார் நர்ஸ்.

"மேடு ஏறத்தானம்மா கியரு?"

"ஆமாங்க. ஆனா போன வாரம் ஒரு பிரசவத்துக்குப் போறப்ப, கியர மாத்துனதும் செயின் சிக்கிக்கிச்சு. எவ்ளோ இழுத்தும் வரல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ள பொறந்துடுச்சு."

"அய்யய்யோ! தாயும் புள்ளயும்?"

"நல்லா இருக்காங்க. ஆனா இன்னொரு தபா அப்பிடி ஆவக்கூடாதுல்ல. அதான் அஞ்சு பல்சக்கரத்துல ஒண்ண மட்டும் வுட்டுட்டு மீதியக் கழட்டச் சொல்லிட்டேன். இனிமே செயின் எங்கயும் தாவாது."

"அப்ப பெரிய மேடு வந்தா?"

"எறங்கித் தள்ளிக்கினு போவேன்."

"கியரு இருந்தப்ப இன்னா பண்ணே?"

"அப்பவும் தள்ளிக்கினுதாங்க போனேன்."

விவசாயி அண்ணாந்து பஸ்ஸின் கூரையைப் பார்த்தார்.

"எம் மருமவளுக்கு அடுத்த மாசம் பிரசவம், நர்சம்மா."

"சொல்லி அனுப்புங்க. உடனே வந்துடுறேன்."

"வேணாம்மா. நீ இப்பவே எங்கூட வூட்டுக்கு வந்துடு."