வலத் தோள்

— கதிர எல்லாம் போட வாணாம், டீச்சர். நான் இரிக்க வரல்ல. ஒரு கேள்வி. பதிலச் சொல்லுங்க, நான் போறன்.

— கேளுங்கோ ஹாஜியார். நான் இந்த மட்டையளைச் சாக்குக்குள்ள போட்டுக்கொண்டே கேக்கிறன். கேட்டைப் பூட்டாட்டில் கழுதையள் உள்ளுக்கு வந்து மைதானத்தைப் பழுதாக்கிப் போடும்.

— இண்டைக்கு ஆட வந்த எத்தாளை ஊர் டீம்ல பந்து எறியிற நெட்டையன். அவன் யார்ட புள்ள?

— ஃபைஸலோ? அபூசாலி எண்டு ஒராள், வள்ளம் வச்சிருக்கிறார். அவற்ற மகன்.

— ஆ. நான் நெனச்சது சரி.

— என்ன நினைச்சனீங்கள்?

— அபூசாலிய என்ட உப்பளத்துல இருந்து வெரட்டினவன் நான். களவு கண்டு புடிச்சி, ஊருக்கு முன்னால வெரட்டின. இண்டைக்கு அவன்ட மகன் என்ட பேரன்ட விலாவுல பந்தால அடிக்கிறான். அதுவும் ஊருக்கு முன்னால. நீங்க அங்க நிண்டு கை தட்டுறீங்க.

— உங்கட பேரன் ரிஃபாஸ் முதலாம் பேஸுக்குப் போனதுக்குத்தான் கை தட்டினனான். இஞ்ச பாருங்கோ ஹாஜியார், இது கிரிக்கெட் இல்லை. பேஸ்போல்ல, எறியிற பந்து அடிக்க நிக்கிற ஆளின்ட உடம்பில பட்டால், அவர் அடிக்காமலே முதலாம் பேஸுக்கு நடந்து போகலாம். அது சட்டம்.

— அப்ப அடி வாங்கினா கூலி.

— அப்பிடியும் சொல்லலாம்.

— சொல்லாதீங்க. எங்கட குடும்பத்துல அடி வாங்கிக் கூலி எடுத்தவன் ஒருத்தனும் இல்ல. குறிஞ்சிப்பிட்டியில இருந்து புத்தளம் மட்டும் போய்க் கேட்டுப் பாருங்க, இந்த ஹயாத்து முகம்மதுட ஆக்கள்ட மேல கை வெச்சவன் எவனாவது இரிக்கானா எண்டு.

— கேட்டால், நீங்கள் கை வச்ச ஆக்கள்தான் வரிசையில வந்து நிப்பினம் போல.

— நக்கல் வாணாம் டீச்சர். நான் வெளையாட வரல்ல. ஒரு மெட்சா ரெண்டு மெட்சா? இந்த முழுச் சீசனும் அவன்ட மேலதான் பந்து. மத்தப் புள்ளயளுக்குப் படல்ல. அவனுக்கு மட்டும் படுது. என்ன ஒரு புதினம்!

— ஃபைஸல் எறிஞ்சு பட்டது இண்டைக்கு மட்டும்தான். போன கிழமை முன்னேஸ்வரத்துப் பிள்ளை எறிஞ்சு பட்டது. அது கோயில் ஐயற்ற பேரன். ஐயரையும் உங்கட உப்பளத்தில இருந்து விரட்டினனீங்களோ?

— ஆள வெச்சி எறிய ஏலும்தானே.

— ஐயற்ற பேரனை வச்சோ!

— சிரிங்க. சிரிச்சி முடிச்சிட்டு இதையும் கேளுங்க. நாளைக்குச் சிலாபத்துல ஒம்பது பேர்ட பேர வாசிக்கப் போறீங்களாம். இந்த வருஷம் புதுசா ஆட வந்த புள்ளயள்ல மாவட்டத்துலயே கெட்டிக்கார ஒம்பது பேர். புதுமுக அணியாம். அதுல ரிஃபாஸ்ட பேர் இரிக்காம். உண்மையா?

— உங்களுக்கு ஆர் சொன்னது? அது நாளைக்குத்தான் வெளியில வர வேணும்.

— எனக்குக் காது இரிக்கி. உண்மையா இல்லயா?

— உண்மைதான்.

— வெட்டுங்க.

— என்ன?

— அவன்ட பேர வெட்டுங்க.

— ஹாஜியார், ரெண்டு கிழமையா என்ட வீட்டு வாசல்ல ஒரே சனம். ஒரு தாத்தா பேரனுக்காக அரைச் சாக்குக் கருவாடு கொண்டு வந்தவர். ஒரு தாய் அழுதவ. பேரைப் போடச் சொல்லித்தான் எல்லாரும் வந்தவை. வெட்டச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கள்.

— ஏனெண்டா எனக்கு வெளங்குது. புள்ளைக்கு அடிக்க விட்டிட்டு, பெரியவன் வந்து கேக்கப் போறானே எண்டு ஒரு மாலையப் போட்டு வாய மூடப் பாக்குறீங்க. அந்த மாலை எங்கட கழுத்துக்கு வாணாம்.

— நான் உங்கட வாயை மூட நினைக்கேல்ல. தெரிவுக் குழுவில நாங்கள் மூண்டு பேர். ரிஃபாஸ் என்ட பள்ளிக்கூடப் பிள்ளை எண்டபடியால், அவன்ட பேர் வரேக்குள்ள நான் வாயே திறக்கேல்ல. மற்ற ரெண்டு பேரும்தான் போட்டவை. ஒருத்தர் சிலாபத்துச் சிங்கள சேர், மற்றது மெரினா எண்டு ஒரு மிஸ். ரெண்டு பேருக்கும் உங்களை ஆரெண்டே தெரியாது.

— என்னத் தெரியாதா?

— தெரியாது.

— ம். என்னத்தக் கண்டு போட்டாங்களாம்?

— முகத்துக்கு நேர வாற பந்துக்கும் கண் சிமிட்டாத பிள்ளையாம். இத்தினை வருஷத்தில அப்பிடி ஒரு புதுப் பிள்ளையைக் காணேல்ல எண்டு அந்த சேர் சொன்னவர்.

— அது எங்கட ரத்தம். என்ட வாப்பாவும் அப்பிடித்தான். கடல் கொந்தளிச்சாலும் கண்ண மூட மாட்டார்.

— ரத்தமோ என்னவோ எனக்குத் தெரியாது. வேகமா ஒண்டு முகத்துக்கு வந்தால் மனுசர் கண்ணை மூடுவினம். நானும் மூடுவன், நீங்களும் மூடுவீங்கள். மூடாமல் நிக்கிறது பழகி வாற விசயம். நான் அதை அவனுக்குப் பழக்கேல்ல.

— அப்ப யார் பழக்கின?

— அதை உங்களிட்டக் கேட்கலாம் எண்டுதான் நானும் இருந்தனான்.

— இது என்ன கத? கேள்வி கேக்க வந்தவன் நான்.

— கேளுங்கோ, கேளுங்கோ.

— நீங்க கதைய மாத்துறீங்க டீச்சர். நான் கண்டத சொல்றன். போன வெள்ளிக்கெழம அவனுக்கு ஒரு புது ஜுப்பா வாங்கி வெச்சிருந்தன். போட்டுப் பாருடா எண்டு குடுத்தன். என்ட அறைக்குள்ள வர மாட்டேன் எண்டான். இழுத்துட்டுப் போய்ச் சட்டையக் கழட்ட வெச்சன். யா அல்லாஹ், தோளுக்குப் பின்னால கன்னங்கரேலெண்டு கண்டிப் போய் இரிக்கி. உள்ளங்கையால மறைக்க ஏலாத அளவு. என்னடா எண்டு கேட்டா, 'பந்து பட்ட மூத்தாப்பா' எண்டுறான். இத நீங்க வெளையாட்டு எண்டு சொல்றீங்களா?

— எந்தத் தோள்?

— தோள் எண்டா தோள்தான்.

— இடமோ, வலமோ?

— வலம்.

— வடிவா நினைச்சுச் சொல்லுங்கோ.

— எனக்குக் கண்ணும் சரி, புத்தியும் சரி. ஜுப்பாட வலக் கைய அவனுக்குப் போட ஏலாம நான்தான் தூக்கி விட்ட. வலத் தோள். முதுகுப் பக்கம்.

— கையைத் தூக்கவே ஏலாமலோ இருந்தவன்?

— ஏலாமத்தான். இப்ப பதிலச் சொல்லுங்க.

— ஹாஜியார், இந்த மட்டையைப் பிடியுங்கோ.

— எனக்கென்னத்துக்கு மட்ட?

— ஒருக்காப் பிடியுங்கோ, ஆரும் பாக்கேல்ல. ரிஃபாஸ் வலக்கை ஆட்டக்காரன். வலக் கை மேல, இடக் கை கீழ. ஓம், அப்பிடித்தான். கொஞ்சம் பக்கவாட்டில திரும்புங்கோ. இப்ப நான்தான் பந்து எறியிற ஆள். இஞ்ச நிக்கிறன். உங்கட எந்தத் தோள் என்னைப் பாக்குது?

— இது... எடது.

— வலத் தோள்?

— பின்னால.

— அபூசாலியின்ட மகன் எறிஞ்சாலும், ஐயற்ற பேரன் எறிஞ்சாலும், அந்தத் தோளின்ட முதுகுப் பக்கம் பந்து வராது ஹாஜியார். அவனுக்குப் பட்டதெல்லாம் இடக் கையும் இட விலாவும்தான். ஒவ்வொண்டுக்கும் நான்தான் ஐஸ் வச்சனான். வலப் பக்கம் ஒண்டுக்கும் வைக்கேல்ல.

— ஓடக்குள்ள விழுந்திரிப்பான்.

— விழுந்தனான் எண்டோ சொன்னவன்? பந்து எண்டுதானே சொன்னவன்.

— புள்ளயள் ஆயிரம் சொல்லும்.

— இவன் ஒண்டுதான் சொல்லுறவன். என்னட்டயும் அதைத்தான் சொன்னவன். சீசன் தொடங்கேக்குள்ள உடம்புக்கு வந்த பந்துக்கு எல்லாப் பிள்ளையளையும் போல இவனும் விலகினவன். பிறகு ஒருநாள் பயிற்சியில, கொலருக்குக் கீழ ஒரு கண்டலைக் கண்டிட்டு 'இது என்னடா தம்பி' எண்டு கேட்டனான். 'பந்து மிஸ்' எண்டான். அதுவரைக்கும் அவனுக்கு ஒரு பந்தும் படேல்ல. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் எண்டு அவனுக்கும் தெரியும். அடுத்த மெட்சில இருந்துதான் பந்துக்கு உடம்பைக் குடுக்கத் தொடங்கினவன்.

— அவனாப் போய்க் குடுத்தானா?

— அவனாத்தான். இண்டைக்கு நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தனீங்கள். ஃபைஸல் எறிஞ்ச பந்து விலகித்தான் போனது. இவன்தான் ஒரு அடி முன்னுக்கு வச்சவன்.

— என்னத்துக்கு?

— சொன்ன பொய்யை உண்மையாக்க.

— டீச்சர்!

— மட்டையைக் கீழ வையுங்கோ ஹாஜியார்.

— நீங்க என்ட வீட்டப் பத்திக் கதைக்கிறீங்க. வெளங்குதா? வந்து குடியேறின ஆக்கள் எண்டு எடமும் குடுத்து, பள்ளிக்கூடத்தயும் கையில குடுத்தா, இப்ப எங்கட வீட்டுக் கூரையப் புடுங்கிப் பாக்குறீங்க.

— நான் பிறந்தது புத்தளம் ஆசுபத்திரியில. அதை விடுங்கோ. நான் வீட்டைப் பற்றிக் கதைக்கேல்ல. ஒரு தோளைப் பற்றிக் கதைச்சனான்.

— அவன்ட வாப்பா நளீம் யார் தெரியுமா? என்ட சொந்தத் தங்கச்சிட மகன். வெளிய ஆயிரம் மாப்புள வந்தும், வாணாம், எங்கட ரத்தம்தான் எண்டு நானே பாத்து என்ட மகள் ஷஃபீனாவ முடிச்சிக் குடுத்த. அஞ்சு நேரமும் தொழுறவன். என்ட முன்னால சத்தமாக் கதச்சது கெடயாது.

— நான் நளீம்ட பேரைச் சொல்லேல்ல. நீங்கள்தான் சொன்னது ஹாஜியார்.

— இந்தக் கதைய வேற யார்ட்டச் சொன்னீங்க?

— இன்னும் ஒருத்தரிட்டயும் இல்லை. சந்தேகம்தான் இருந்தது. இப்பத்தான் நீங்கள் வந்து வலத் தோள் எண்டு சொன்னீங்கள்.

— நானே கொண்டு வந்து குடுத்தன்.

— ஓம்.

— இனிச் சொல்லுவீங்க.

— சொல்லத்தான் வேணும். பிள்ளைக்குப் பொறுப்பான ஆள் நான். அதிபரிட்டச் சொல்லுவன், பிறகு பிள்ளையளின்ட பாதுகாப்புக்கெண்டு இருக்கிற உத்தியோகத்தரிட்டச் சொல்லுவன்.

— பள்ளி வாசல்ல இமாமுக்குப் பின்னால மொத வரிசையில நிக்கிறவன் நான். ஊர்ல ரெண்டு வீட்டுக்குச் சண்ட வந்தா என்னத்தான் கூப்புடுவாங்க, தீர்த்து வெக்க.

— முதல் வரிசையில நிக்கிற ஆளுக்குப் பின்னால நடக்கிறது தெரியாதுதானே. அதில குற்றமில்லை. இப்பத் தெரியும்.

— நாக்கப் பாரு. உங்கட மாப்புள பாவம்.

— அவர் சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறார். இருங்கோ ஹாஜியார். கதிரையில இருங்கோ. மட்டையை இன்னும் விடேல்ல நீங்கள்.

— இந்தாங்க, உங்கட மட்ட.

— சரி, இருங்கோ.

— தண்ணி இரிக்கா?

— இந்தாங்கோ.

— பிஸ்மில்லாஹ். ... டீச்சர், அந்த ஒம்பது பேரும் நாளைக்கு என்ன செய்யிற?

— பேரை வாசிச்ச உடனே பஸ். கொழும்பில கேம்ப். லீவு முடியும் வரைக்கும் அங்கதான் தங்கிப் பயிற்சி. பொடியளுக்கு நானும் இன்னும் ரெண்டு மாஸ்டர்மாரும் பொறுப்பு.

— அதுக்கு வாப்பா ஒப்பம் வெக்கணுமா?

— பாதுகாவலர் ஒராள் வச்சால் போதும்.

— அவன்ட வாப்பாக்கும் பாதுகாவலன் நான்தான். பேனையத் தாங்க.

— அப்ப பேரை வெட்டேல்லையோ?

— வெட்டாதீங்க.

— நீங்கள் ஒப்பம் வச்சாலும் நான் சொல்லத்தான் போறன், ஹாஜியார். இதைப் பேரம் எண்டு நினையாதையுங்கோ.

— சொல்லுங்க. நான் தடுக்கல்ல. புள்ள ஊர விட்டுப் போன பொறகு சொல்லுங்க. நளீம்ட்ட நானும் கேக்கத்தான் போறன், ஆனா அவன் கைக்கெட்டுற தூரத்துல புள்ளய வெச்சிக்கொண்டு கேக்க மாட்டன்.

— அது சரிதான்.

— ஒண்டு மட்டும் எனக்கு வெளங்கல்ல. கைய ஓங்கினா ஒரு புள்ள என்ன செய்யும்? ஓடும். இல்லாட்டி கையால முகத்த மறைக்கும். இவன் ஏன் முதுகக் காட்டிட்டு நிண்டான்?

— ஓட ஏலாட்டில் அப்பிடி நிப்பினம்.

— அவன் ஓடுறத நான் இண்டைக்குக் கண்ட. குதிர மாதிரி ஓடுறான். அவனுக்கு ஏன் ஓட ஏலா?

— அவனுக்கு முன்னால ஒராள் இருந்தால், ஹாஜியார். அந்த ஆளின்ட மேல அடி விழாமல் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டால், முதுகுதான் வெளியில தெரியும். அந்த வீட்டில வேற ஆர் இருக்கினம்?

— எங்கட வீட்டுப் பொம்புளயள் அடுத்தவன்ட அடுப்படியில நிண்டதில்ல, டீச்சர், கூலிக்குச் சமைச்சதும் இல்ல... அந்தக் கேம்புல சமைக்க ஒராள் வேணுமெண்டு சொல்லி நாளைக்கு என்ட மகள் ஷஃபீனாவயும் பஸ்ல ஏத்துவீங்களா? அவ நல்லாச் சமைப்பா.