ஐந்து நிமிடத் தாமதம்

வெயிலில் யாராவது காத்து நின்றால் எனக்குச் சோறு இறங்காது. அன்னவாசல் பக்கத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் பதிவு வரிசை, காலையில் பஸ் நிறுத்தம் வரை போகும். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

பதிவுகள் எல்லாம் இருக்கும் சர்வரின் கர்னலில் நான்கு வரிகள் மாறியிருப்பதை, விசாரிக்கத் திருச்சியிலிருந்து வந்த நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஏன் மாற்றினாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

கணினியின் எல்லா வேலையையும் அடியிலிருந்து நடத்துவது கர்னல்தான். ஒரு குறிப்பைச் சேமித்தால், டிஸ்க் அதை உண்மையிலேயே எழுதி முடிக்கும்வரை அது காத்திருக்கும். எங்கள் டிஸ்க் பழையது. ஒவ்வொரு குறிப்புக்கும் ஒன்பது விநாடி பிடித்தது. அந்தக் காத்திருப்பை நான் எடுத்துவிட்டேன். குறிப்பு நினைவகத்தில் கிடக்கும்போதே திரையில் ‘பதிவானது’ என்று வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து டிஸ்க்குக்குப் போகும். அதற்குள் கரண்ட் போனால், போகாதது போனதுதான். யுபிஎஸ் பேட்டரி ஓய்ந்திருந்ததும் எனக்குத் தெரியும்.

மறுநாளே வரிசை பாதியானது. “ராபினு கை வச்சதும் மெஷினு ஓட்டமா ஓடுது, அப்புடியே என் பொண்டாட்டியவும் ஒருதரம் பாருய்யா” என்று கேஷியர் வசந்தகுமார் சிரித்தார். நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கே வரும் என் அம்மா ஜெபமாலையம்மாளுக்கு மட்டும், ஆகாத மருந்துகளை ஓர் அட்டையில் எழுதி அவர் பையில் வைத்தேன். பெற்ற தாய்க்கு அதுகூடச் செய்யாமல் இருக்க முடியுமா.

செவந்தி எங்களிடம் முன்பே வைத்தியம் பார்த்துக்கொண்டவர்தான். அன்று கடும் காய்ச்சலோடு வந்தார். அவர் கணவர் உடையப்பன், கவுண்ட்டரில் இருந்த ஜாஸ்பினிடம் ஒரு பழைய சீட்டை நீட்டினார். “இந்த ஊசியப் போட்டுத்தான் வேற ஆஸ்பத்திரில இவளுக்கு மூச்சு அடைச்சிருச்சு தாயி. மறக்காம ஏத்திக்கங்க.”

“ஏத்திட்டேங்கய்யா, இந்தா பாருங்க” என்று ஜாஸ்பின் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

இரண்டு நிமிடத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியபோது செவந்தியின் பழைய பதிவு இருந்தது, புதிய குறிப்பு இல்லை. உடையப்பன் அந்தச் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போயிருந்தார். டாக்டரும் வார்டு நர்ஸும் திரையைப் பார்த்தார்கள். அதே ஊசி போடப்பட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே செவந்தி இறந்துபோனார்.

ஆஸ்பத்திரி நடத்திய விசாரணையில் ஜாஸ்பின் என் பக்கம் திரும்பினாள். “நான் பதிஞ்சேண்ணே. பதிவானதுன்னு வந்துச்சு. நீங்க சொல்லுங்கண்ணே.”

பதிந்திருந்தால் இருக்குமே என்று நான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. அன்று தொலைந்த பதினோரு குறிப்புகளின் தடயத்தை அதற்கு முன்பே அழித்திருந்தேன். திரையில் தானே பார்த்ததாக உடையப்பன் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதை எடுத்துச் சொன்னதும் நான்தான்.

ஜாஸ்பினுக்கு வேலை போனது. அந்த வரிகளை அதன் பிறகும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடியும் எல்லாரும் வெயிலில் நிற்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்குக் கேக் கொண்டுபோனேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “ஒங்களுக்குத் தெரியும்ணே” என்றாள். பெருநாளும் அதுவுமாக வீடு தேடி வந்தவனிடம் பேசுகிற பேச்சு இல்லை அது.

செவந்தி இறந்தது என்னால். ஜாஸ்பின் மேல் பழி விழுந்ததும் என்னால். இதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன். அவளை விசாரிக்கப் போனால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் அன்று அவள் அப்படிப் பேசியதை நான் மன்னித்துவிட்டேன்.