பச்சை காட்டிய முட்டி

— அப்ப என் முட்டிதான் பொய் சொல்லுதுங்கறீங்களா மேடம்?

— முட்டி எங்கயாவது பொய் சொல்லுமா சார்? பாதிதான் மடங்குது. கையால பிடிச்சுப் பாத்துட்டுத்தானே சொல்றேன்.

— இல்லையே, நல்லா மடங்குமே. ரிப்போர்ட்ல இருக்கு. இந்தாங்க, செல்லைப் பாருங்க. பச்சைக் கோடு. "வலது முழங்கால் முழு குணம், வாழ்த்துகள்." பக்கத்துல பலூன் வேற பறக்குது.

— பலூன் பறக்கட்டும். உங்க குதிகால் மேல வர மாட்டேங்குதே. இன்னும் கொஞ்சம் மடக்குங்க.

— ஆ... ஐயோ... அம்மா!

— வலிக்குதா?

— ரிப்போர்ட்படி வலிக்கல.

— உங்களுக்கு?

— எனக்கு உயிர் போகுது மேடம். ஆனா நான் ஒருத்தன் சொல்றதை வச்சு எப்படி முடிவு பண்றது?

— சரி, பொறுங்க. செல்லு முழு குணம்னு சொல்லிருச்சு. அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?

— என் சம்சாரம்தான் இழுத்துட்டு வந்தா. நாளைக்கு வேலையில சேரணும். தெருவிளக்கு மாட்டுற வேலை, ஏணி போட்டுக் கம்பத்து உச்சியில நிக்கணும். ரிப்போர்ட்டை சூப்பர்வைசருக்கு அனுப்பினேன், அவரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டாரு. அதுல இருந்து இவ மூஞ்சி சரியில்ல.

— இந்த முட்டியோட ஏறினா பாதி ஏணியில அது பூட்டிக்கும். அப்புறம் முட்டிக்கு இல்ல, மொத்த ஆளுக்கும் வைத்தியம் பாக்கணும். ஏம்மா, நீங்க ஏன் சுவத்தைப் பாத்துட்டு நிக்கறீங்க? உக்காருங்க.

— பரவால்ல டாக்டர்.

— நான் டாக்டர் இல்லம்மா, பிசியோ. சார், வீட்டுல எக்சர்சைஸ் எப்படிப் பண்ணுவீங்க, சொல்லுங்க.

— ஸ்டூல் மேல செல்லை நிக்க வச்சு எக்சர்சைஸ் ஆப்பைப் போடுவேன். கேமரா நம்ம உடம்புல மூட்டுக்கு மூட்டு புள்ளி வச்சுக்கும். உள்ள ஒரு பொண்ணு "முட்டியை மடக்கிக் குனியுங்கள், நிமிருங்கள்"னு சொல்லும். நல்லாப் பண்ணா "மிக அருமை"ன்னு சொல்லுமாம். எனக்குச் சொன்னதே இல்ல. காலையில பூரா சிவப்புக் கோடுதான்.

— பச்சை எப்ப வந்துச்சு?

— சாயங்காலம் செல்லை வீட்டுல வச்சுட்டு, பிள்ளையை டியூஷன்ல விட்டுட்டு வந்து பாத்தா பச்சையா இருக்கும்.

— நடுவுல என்ன நடந்துச்சு?

— அது யோசிக்குது மேடம். காலையில பாத்ததைப் பொழுதன்னிக்கும் அசை போட்டு, சாயங்காலம்தான் முடிவு சொல்லும் போலன்னு விட்டுட்டேன்.

— உங்களுது செல்லா, மாடா?

— என்னங்க... அது யோசிக்கல.

— நீ சும்மா இரு. உனக்கு அதைப் பத்தி என்ன தெரியும்?

— எல்லாம் தெரியும். சாயங்காலம் பண்ணது நான்தான்.

— எதை?

— உங்க எக்சர்சைஸை.

— பொறுங்க, பொறுங்க. அவர் காலுக்கு நீங்க எப்படிம்மா...

— சிவப்பு வந்தா இவர் தலகாணியைத் தூக்கி அடிப்பார் டாக்டர். அன்னிக்கு முழுக்க வீட்டுல யாரும் வாயைத் திறக்க முடியாது. அதாவது, ஒருநாள் செல்லு பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு, நான் வீடு பெருக்கிட்டே அது முன்னாடி முட்டியை மடக்கிக் குனிஞ்சேன். "மிக அருமை"ன்னுச்சு. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அந்த வீட்டுல என்னை யாரும் அப்படிச் சொன்னதில்ல. மறுநாளும் குனிஞ்சேன்.

— அடிப்பாவி! ஆள் மாறினது அதுக்குத் தெரியாதா மேடம்?

— அதுக்கு முட்டி தெரியும், முட்டிக்குச் சொந்தக்காரர் யாருன்னு தெரியாது. வீட்டுல பண்றது தப்பில்ல சார், ஆனா ஒரு ஆள் தொட்டுப் பாத்து...

— உபதேசம் அப்புறம். நான் சிவப்பா, பச்சையா? அதைச் சொல்லுங்க.

— நீங்க நல்ல சிவப்பு.

— சூப்பர்வைசர்கிட்ட என்னன்னு சொல்வேன்? எனக்கு ஆகல, என் பொண்டாட்டிக்குத்தான் குணமாச்சுன்னா? நாளைக்கு யாரும் ஏறலன்னா வேற ஆளை எடுத்துருவாரு.

— ஏம்மா, இந்தப் பாயில ஒரு தடவை பண்ணிக் காட்டுங்க. ம்... இன்னும் கீழ... அட! இருங்க, முட்டியில இது என்ன தழும்பு?

— பழசு டாக்டர்.

— சும்மா சிராய்ச்ச தழும்பு இல்லையே இது. அழுத்தினா வலிக்குதா?

— முன்னெல்லாம் வலிக்கும். மாடிப்படி ஏறினா மடங்கவே மடங்காது. இப்ப... நீங்க கேட்டதும்தான் தோணுது. வலிக்கல.

— அப்ப யார்கிட்ட காட்டினீங்க?

— யார்கிட்டயும் இல்ல. அதாவது, அப்ப நிச்சயம் ஆகியிருந்துச்சு. கட்டு போட்டுட்டு வீட்டுல இரு, இனிமே உனக்கு எதுக்கு அந்த வேலைன்னுட்டாங்க.

— எந்த வேலை? சார், நீங்க சொல்லுங்க. இப்ப நீங்க ஏன் சுவத்தைப் பாக்கறீங்க?

— ஏணியில இருந்து விழுந்தா மேடம். தொழிற்பயிற்சியில நாங்க ஒரே செட்டு. கம்பம் ஏறுறதுல இவதான் முதல். நான் கடைசிக்கு முந்தின ஆளு.

— எனக்கே குழம்புது. சரி பண்ண வேண்டிய முட்டியை விட்டுட்டு, யாரும் கேக்காத முட்டியைச் சரி பண்ணி வச்சிருக்கு. இந்த ஆப்பை நான் திட்டணுமா, கும்பிடணுமா?

— டாக்டர், இந்த முட்டியோட ஏணி ஏறலாமா?

— இப்பதானேடி கூடாதுன்னாங்க!

— உங்க முட்டியைக் கேக்கல.

— ரெண்டு காலையும் தொட்டுப் பாத்துட்டேம்மா. தாராளமா ஏறலாம்.

— அப்ப அந்தச் செல்லைக் குடுங்க.

— யாருக்குடி போன் பண்ற?

— உங்க சூப்பர்வைசருக்கு. ரிப்போர்ட்ல பாத்தாரே ஒரு முட்டி, அது நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துரும்னு சொல்லப் போறேன்.