கின்னியர் கற்கள்

அன்று காலை எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் நான், என் மகள் மொய்ரா, மரம் அறுக்கும் ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேட் பெல்லட்டியே, அவன் மனைவியின் தம்பி டேரில். அடுப்புக்குப் பக்கத்தில் எங்கள் கிழட்டு நாய் படுத்திருந்தது. வேறு யாரும் இல்லை. காப்பி நன்றாக இருந்தது. மொய்ரா எப்போதும் திடமாகப் போடுவாள்.

நீங்கள் இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதியவர், சார்ஜன்ட். அதனால் அவர்கள் ஏன் வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மலையாட்டுக் கடாவைச் சுட அரசின் அனுமதிச் சீட்டுக் கிடைத்தவர் யாராக இருந்தாலும், மேலே ஏறுமுன் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு கோப்பைக் காப்பி குடித்து வழி கேட்பார். நாங்கள் சொல்வோம். இது சட்டத்தில் இல்லை. ஆனால் கேட்காமல் ஏறியவனை ஊர் மதிக்காது. கேட்டவனுக்குச் சொல்லாதவனையும் மதிக்காது.

வெளியூர் வேட்டைக்காரர்களை மேலே அழைத்துப் போய்க் கொண்டுவருவது எங்கள் குடும்பத் தொழில். என் தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து வந்து தொடங்கியது. அவரிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து மொய்ராவுக்குப் போக வேண்டியது. மேல் கிண்ணம் என்று நாங்கள் சொல்லும் உயரத்தில்தான் நல்ல கடாக்கள் நிற்கும். அங்கிருந்து இறங்கும் முகட்டில் இரண்டு சரிவுகள் தொடங்குகின்றன. இரண்டுக்கும் மேலே ஒரே புல், ஒரே சரளை. ஒன்று குதிரைகளைக் கட்டும் இடத்துக்கு இறங்கும். மற்றது கொஞ்ச தூரம் போய் வெறும் காற்றில் முடியும். மூடுபனியில் எது எது என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்காக என் தாத்தா நல்ல சரிவின் வாயிலிருந்து வரிசையாகக் கற்களை அடுக்கி, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு வெள்ளைக் கல்லை வைத்தார். பனிப்பாரம் சரித்தவற்றை ஒவ்வொரு கோடையிலும் நாங்கள் போய் எடுத்து அடுக்குவோம். ஊரார் அவற்றைக் கின்னியர் கற்கள் என்பார்கள். அதற்காக நாங்கள் யாரிடமும் நன்றி எதிர்பார்த்ததில்லை.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். மேல் கிண்ணத்துக்கு அரசின் வேட்டை வாரியம் ஆண்டுக்கு ஐந்து சீட்டுகள் கொடுக்கும். வெகுகாலமாக நான்கு எங்களிடம் பணம் கட்டி வரும் விருந்தினருக்காக எங்கள் குடும்பத்துக்கு வந்தன, ஒன்று ஊராருக்குக் குலுக்கலில் போனது. போன குளிர்காலத்தில் அதை மாற்றி, மூன்று ஊராருக்கு, இரண்டு எங்களுக்கு என்றார்கள். அந்தக் கணக்கில் தவறில்லை. காடு எல்லோருடையது என்று நானும் பலமுறை பேசியிருக்கிறேன்.

வாரியம் முடிவெடுக்கும் முன் ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டது. வேட் எழுந்து தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினான்.

"கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து குலுக்கல்ல பேரைப் போடுறேன். என் பெரிய பொண்ணு காலேஜுக்கே போயிட்டா, எனக்கு இன்னும் சீட்டு வரல. டெக்ஸஸ்லேர்ந்து வர்ற ஆளு செக்கை நீட்டினா அந்த வருஷமே கடாவோட நின்னு படம் புடிச்சுக்கிறான். இது என்ன நியாயம்? மலை யாரோட அப்பன் வீட்டுச் சொத்தும் இல்ல."

கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவன், "கின்னியர்கிட்ட கேட்டுக்கப்பா, ஒவ்வொரு ஆட்டுக்கும் அவருதான் ஞானஸ்நானம் பண்ணி வெச்சிருக்காரு!" என்றான். மண்டபமே சிரித்தது. மலையில் அடிபட்டு என் குதிரையில் ஏறி மருத்துவமனைக்குப் போனவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். பாதியில் எழுந்து போவது எங்கள் வழக்கமில்லை.

கோடையில் குலுக்கல் நடந்தது. வேட்டுக்குச் சீட்டு விழுந்தது. ஆகஸ்டில் வழக்கம்போல் நான் மேலே போய்க் கற்களைக் கவனித்துவிட்டு வந்தேன். அந்த ஆண்டு மொய்ராவை அழைத்துப் போகவில்லை. எங்கள் இரண்டு சீட்டுகளுக்கு வந்த விருந்தினரையும் கிழக்குப் பக்கமாகவே அழைத்துப்போகச் சொன்னேன். ஏனப்பா என்று கேட்டாள். அந்தப் பக்கம் புல் நன்றாக இருக்கிறது என்றேன். இருந்தது.

செப்டம்பரில் வேட் வந்தான். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"அன்னிக்கு ஹால்ல கொஞ்சம் கூடுதலாப் பேசிட்டேன், மிஸ்டர் கின்னியர். மனசுல வெச்சுக்காதீங்க."

"வெச்சுக்கல" என்றேன். அது உண்மை. முடித்துவிட்ட விஷயத்தை நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

டேரில் சட்டைப் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துக் காட்டினான். "இனிமே யாரும் வழி கேக்க வேண்டாம் பெரியவரே. வானத்துலேர்ந்து செயற்கைக்கோளே சொல்லிடும்."

"உங்க அக்கா வீட்டுக்கு வர்றதுக்கே ரெண்டு தடவ தப்பாத் திரும்புவ, நீ பேசுறியா?" என்றான் வேட்.

"அது உன் வீடுன்னு தெரிஞ்சுதான் மச்சான் திரும்பினேன்."

மொய்ரா சிரித்துக்கொண்டே டேரிலின் கோப்பையை நிரப்பினாள். "மேல பனி இறங்கிச்சுன்னா அந்தப் பொட்டிய உள்ள வெச்சிருங்க. அப்பாவோட கல்லைப் பாத்து இறங்குங்க. சின்னப் பிள்ளையிலேர்ந்து நான் அப்படித்தான் இறங்குறேன்."

நான் சொல்ல வேண்டியிருந்ததை அவளே சொல்லிவிட்டாள். வேட் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். இதில் மொய்ராவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவள் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னாள். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

புறப்படுமுன் வேட் தன் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான். ஒழுங்கான மனிதன்.

மற்றதை டேரில் உங்களுக்குச் சொல்லியிருப்பான். மறுநாள் வேட் ஒரு கடாவைச் சுட்டான். ஒரே குண்டு. கொம்பு முழுச் சுற்று வந்திருந்தது. என் விருந்தினர் பலர் அப்படிச் சுட்டதில்லை. இறைச்சியையும் கொம்பையும் முதுகில் கட்டிக்கொண்டு முகட்டுக்கு வந்தபோது மூடுபனி இறங்கியது. கருவி இடதுபக்கம் போகச் சொன்னது, கற்கள் வலதுபக்கம் நின்றன. டேரில் நின்றுவிட்டான். வேட் கருவியை எட்டிப் பார்த்தான், பிறகு வெள்ளைக் கல்லைப் பார்த்தான்.

"மெஷின் தப்பாச் சொல்லும்டா. கின்னியர் கல்லு சொல்லாது" என்று சொல்லி முன்னால் நடந்தான்.

கொம்பின் கனத்தால் டேரில் பின்தங்கினான். சரளை சரியும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை என்றான். பனி விலகும்வரை அவன் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். புத்திசாலித்தனம்.

வேட் சொன்ன அந்த வார்த்தையை டேரில் என்னிடம் அழுதுகொண்டே சொன்னான். மண்டபத்தில் சிரித்தவர்களுக்கெல்லாம் அது கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். மூன்று தலைமுறை உழைத்தால்தான் ஒரு மனிதன் தன் கண்ணுக்கு முன்னால் இருக்கும் இயந்திரத்தைவிட நம் பெயரை நம்புவான்.

வேட்டின் உடலை இறக்கிக்கொண்டு வந்தது என் கோவேறு கழுதை. முன்னால் கயிற்றைப் பிடித்து நடந்தது நான். கொம்பை நானே சுத்தம் செய்து அவன் வீட்டில் கொடுத்தேன்.

உங்களை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன், சார்ஜன்ட். எல்லோரும் கீழே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நீங்கள் முகட்டில் தரையைப் பார்த்தீர்கள். நல்ல சரிவின் வாயில் புல் முளைக்காத வெளிறிய வட்டங்கள் இருந்தன. கல் அடுக்கு வெகுகாலம் உட்கார்ந்த இடம் அப்படித்தான் இருக்கும். என்னிடம் கேட்டீர்கள். எல்லாவற்றையும் நான்தான் அடுக்கினேன் என்றேன். அதற்குமேல் நீங்கள் கேட்கவில்லை. என் வயதைப் பார்த்தீர்கள்.

இப்போது கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என்ன நினைத்துச் செய்தேன் என்றால், வழிகாட்டிக் குடும்பம் இல்லாமல் அந்த மலையில் ஏறுவது எவ்வளவு கடினம் என்று வாரியத்துக்குத் தெரிய வேண்டும் என்றுதான். ஒருவன் வழி தவறினால் போதும், கணக்கை மறுபடி பார்ப்பார்கள். இது என் ஒருவனுக்கான காரியம் இல்லை. மொய்ராவுக்கு அந்த மலையை நான் முழுதாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தச் சரிவு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியுமா என்றும் கேட்டீர்கள். தெரியும். என் அப்பா அதில்தான் விழுந்தார். அதற்குப் பிறகுதான் தாத்தா கற்களை வைத்தார். முதல் வெள்ளைக் கல்லை நான்தான் ஓடையிலிருந்து தூக்கி வந்தேன். மலை யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை என்று வேட் சொன்னான். மற்ற இடத்துக்கு அது சரி. அந்தச் சரிவு மட்டும் என் அப்பன் வீட்டுச் சொத்து. பங்கு கேட்டவனுக்கு அதைக் கொடுத்தேன்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வக்கீல் அப்படித்தான் சொன்னார். என் மகள் அவரிடம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, "அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியா இல்ல. போன மாசம் குதிரைக்கு ரெண்டு தடவ தீனி வெச்சுட்டாரு" என்றாள். அந்தக் குதிரை சினையாக இருந்தது. நான் அவளுக்கு எதிராக வாய் திறக்கவில்லை. பாதிரியார் வந்து முதுமையைப் பற்றி ஜெபம் செய்தார். கடைசியாக வேட்டின் மனைவி லினெட் வந்தாள். கையில் புளூபெரிப் பழம் வைத்துச் செய்த கேக். அன்று வேட் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும், மிஸ்டர் கின்னியர். வயசாச்சு, கை தடுமாறியிருக்கும். அவர் இருந்தாலும் உங்களக் குத்தம் சொல்லியிருக்க மாட்டாரு."

அவள் என்னைவிடப் பாதி வயதுக்காரி. எங்கள் வீட்டுக்குள் வந்து இரக்கப்பட்டுவிட்டுப் போனாள். இதுவரை எங்களுக்காக யாரும் இரக்கப்பட்டதில்லை. கேக்கை நாய்க்கு வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, நேராக உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். டங்கன் கின்னியருக்கு வயதாகிவிட்டது, மலையில் இடம் தடுமாறிக் கல்லைத் தவறான இடத்தில் வைத்துவிட்டார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். எங்கள் குடும்பத்தில் எவரும் ஒரு கல்லைக்கூடத் தவறுதலாக வைத்ததில்லை.