நான் செருகிய பந்தி

ஒரே பந்தியை நாற்பது தடவை தட்டச்சு செய்வது எனக்கு எப்போதுமே பிடிக்காது. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் துணி அழுத்தும் பொறிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், அவற்றின் கையேடுகளைக் கணினியில் தயாரிப்பது என் வேலை. பாதுகாப்பு எச்சரிக்கை எல்லாக் கையேட்டிலும் வரவேண்டும். அதற்காகச் சின்னதாய் ஒரு நிரல் தொகுப்பு எழுதினேன். கோப்பில் ஒரு குறி போட்டுவைத்தால் போதும். அந்த இடத்தைத் தேடிப்பிடித்து எச்சரிக்கையைத் தானாகவே செருகிவிடும். ஒரு வாரத்து வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. முதலாளி என் தோளில் தட்டினார். அகதியாய் வந்து இரண்டு வருடத்தில் அது சின்ன விஷயமில்லை.

1986 ஒக்டோபரில் புதிய பொறி ஒன்று செய்தோம். பழையதில் கால்மிதியை விட்டால் மேல்தட்டு உயர்ந்து அப்படியே நிற்கும். கையை உள்ளே விடலாம். புதியதில் சில செக்கன்களில் தட்டு தானே மறுபடி இறங்கும். மின்சாரத்தை நிறுத்தாமல் கை வைக்கக்கூடாது. என் நிரலோ புதிய கையேட்டிலும் பழைய பந்தியையே செருகியிருந்தது. அச்சாகி வந்த அன்றே கண்டேன். சொன்னால் நிரலை நிறுத்திவிடுவார்கள். அடுத்த அச்சில் திருத்தலாம் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து ஊரான இக்காஸ்டில் ஒரு தையல் ஆலை அந்தப் பொறியை வாங்கியது. அதில் வேலை செய்யவிருந்த தவமலருக்கு டேனிஷ் தெரியாது. தமிழில் விளக்க என்னை அழைத்துப் போனார்கள். எங்கள் முதலாளி பக்கத்தில் நின்றார். அவருக்குத் தமிழ் விளங்காது. நான் எதையும் சொல்லியிருக்கலாம். கையேட்டில் இருந்ததையே சொன்னேன். மொழிபெயர்க்கிறவன் கூட்டிக் குறைத்துச் சொல்லக்கூடாது, பாருங்கள்.

“அப்ப மிதியை விட்டாக் கை வைக்கலாமோ, நீக்கிலாஸ் அண்ணை?”

“ஓம்.”

“சரி, விளங்கிச்சுது.”

ஒன்பதாம் நாள் தட்டு அவளுடைய வலது கையில் இறங்கியது. நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

செய்தி வந்த அன்றே பந்தியைத் திருத்தி, நிரலை ஓட்டி, புதிதாக அச்சடித்தேன். ஆலையிலிருந்த பிரதியை நானே போய் மாற்றிவைத்தேன். விசாரிக்க வந்தவர்களிடம், “எழுதியிருப்பதைத்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை பிழையாக விளங்கிக்கொண்டாள்” என்றேன். முதலாளியும் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு, நிரல் ஓடி முடியும்வரை திரையைப் பார்த்திருக்கும் அந்தப் பத்து நிமிடமும் “விளங்கிச்சுது” என்று காதருகே கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. தேவாலயப் பூசையில் மற்றவர்கள் கைகூப்பும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு தவமலர் என் வீட்டுக்கு வந்தாள். தேநீரை இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

“நான்தான் கவனமாக் கேக்கேல்லை அண்ணை. என்னாலை உங்களுக்கும் வீண் கரைச்சல். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

உண்மையைச் சொன்னால் இன்னும் நொந்துபோவாள் என்று தோன்றியது.

“பரவாயில்லை, தங்கச்சி” என்றேன்.

எனக்கு அவள்மேல் கோபமே இல்லை. அவளை அப்போதே மன்னித்துவிட்டேன்.