காதுக்காரர்

— பெட்ரோல்ல ஆயில் சரியா கலக்கலன்னு முதலாளிகிட்ட சொல்லிடலாம்மா. பழிய மெஷின் வெச்சிருக்கிறவங்க தலையில போட்டுடலாம்.

— மூணு பேருமா தப்பா கலந்தாங்க, அண்ணே? நான் சும்மா கேக்குறேன்.

— கெட்ட நேரம் வந்தா மொத்தமாத்தான் வரும்.

— போன வாரம் நீங்க சர்வீஸ் பண்ணிக் கொடுத்த மரம் அறுக்குற செயின் சா மூணும் சூடேறி, பிஸ்டன் இறுகித் திரும்பி வந்திருக்கு. அதுல ஒருத்தர் மரத்தப் பாதி அறுத்தபடி அந்தரத்துல விட்டுட்டு வந்து கத்திட்டுப் போறாரு. நாலு மணிக்கு முதலாளி வராரு. சர்வீஸ் டேபிள்ல இனிமே யாரு உக்காரணும்னு இன்னிக்கே முடிவு பண்ணப் போறாராம்.

— எத்தன மணிக்கு?

— நாலு. இதோட மூணு தடவ சொல்லிட்டேன். இந்தாங்க உங்க ஸ்க்ரூடிரைவர். இன்னிக்கும் என் பில் புக்கு மேலதான் கெடந்துது. தினம் சாப்பிடப் போறப்போ இங்கேயே வெச்சுட்டுப் போறீங்க, பில்லெல்லாம் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு.

— மறதிம்மா. வயசாகுதில்ல.

— மெஷின் வேகத்த அளக்குற ஆர்பிஎம் மீட்டர முதலாளி வாங்கிக் கொடுத்தாரே, அத ஏன் பிரிக்கவே இல்லன்னு கேட்டா என்ன சொல்வீங்க?

— டீ கிளாஸ் வைக்க அந்தப் பெட்டி தோதா இருக்குன்னு சொல்வேன். இருவத்திரெண்டு வருஷம்மா. போன்ல சத்தத்தக் கேட்டே என்ன மாடல், என்ன கோளாறுன்னு சொன்னவன். காதுன்னா காது. காதுக்காரர்னு பேரு வாங்கினவன் மீட்டர் வெச்சு டியூன் பண்ணா மெஷினே சிரிக்கும்.

— காதுக்கு மாட்டுற கவசமாவது மாட்டியிருக்கலாம்.

— மாட்டியிருக்கேனே. வீட்டுல பழைய மெஷின் ஏழு சேத்து வெச்சிருக்கேன்ல, அதுல ஒசத்தியான ஒண்ணுக்கு. ஷோகேஸ்ல பாக்க நல்லா இருக்கு.

— ஏழு மெஷினா? வீட்டுல மரம் எத்தன?

— தொட்டியில ஒரு கத்தாழ. அதையும் உங்க அண்ணி என்னத் தொட விடறதில்ல. சரி, பின்னாடி ஷெட்டுல ஓடுற மெஷின மொதல்ல நிறுத்தச் சொல்லு. நிம்மதியா ஒரு பொய் யோசிக்க முடியல.

— எந்த மெஷின்?

— கீச்சுன்னு, சன்னமா ஓடுதே.

— அண்ணே, ஷெட்டப் பூட்டிச் சாவி எங்கிட்டதான் இருக்கு. எந்த மெஷினும் ஓடல.

— அப்படியா.

— எத்தன நாளா ஓடுது அது?

— ரெண்டு வருஷமா. நிக்கவே இல்ல. பெட்ரோல் கேக்காத மெஷின்மா.

— அண்ணிக்குத் தெரியுமா?

— அவ கூப்பிட்டா நான் திரும்பாதது கல்யாணம் ஆன புதுசுலேருந்தே வழக்கம். அவளுக்கு வித்தியாசம் தெரியல.

— வெளாடாதீங்க அண்ணே.

— வெளாடாம எப்படிம்மா இதச் சொல்றது? கார்புரேட்டர் ஸ்க்ரூவ உள்ள திருகத் திருக பெட்ரோல் கொறையும், சத்தம் கூர்மையாகும். எங்க நிறுத்தணும்னு காதுதான் சொல்லணும். எனக்கு அந்தக் கூர்மை கேக்கல. நான்பாட்டுக்குத் திருகிட்டே போறேன், மெஷின் காஞ்சு சாகுது. பயமா இருக்கும்மா. இந்த டேபிள விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.

— அப்போ நானும் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு. கொஞ்சம் சத்தமா.

— ஒரு வருஷமா, நீங்க முடிச்சு வெக்கிற ஒவ்வொரு மெஷினையும் நீங்க சாப்பிடப் போனப்புறம் நான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன். ஸ்க்ரூவக் கால் சுத்து வெளிய திருப்பி வெக்கிறேன். ஒம்பது வருஷம் இந்த ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர்ல உக்காந்து நீங்க டியூன் பண்றதக் கேட்டுக் கேட்டு, எங்க நிறுத்தணும்னு எனக்கே பிடிபட்டுப் போச்சு.

— போன வாரம்?

— போன வாரம் நான் லீவு. அக்காவுக்கு ஆபரேஷன்னு ஆஸ்பத்திரில கெடந்தேன். எம்மேலயும் தப்பு இருக்கு அண்ணே. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். உங்க மனசு நோகுமேன்னு வாய மூடிக்கிட்டேன்.

— மணி என்ன?

— நாலு. முதலாளி கார் வந்து நிக்குது.

— எனக்குக் கேக்கல.

— என்ன சொல்லப் போறீங்க? ஆயில் கலவையா?

— தப்பு என்னோடது, டேபிள் உன்னோடதுன்னு சொல்லப் போறேன். கவுண்டர்ல நான் உக்காந்துக்கிறேன். போல்ட்டு நட்டு எண்ணிக் கொடுக்கக் காது வேணாம்.

— உங்களுக்குத் தெரியாம பண்ணேன்னு எம்மேல கோவம், அதான் இப்படிப் பேசுறீங்க.

— எனக்குத் தெரியாமயா? ஏம்மா, தினம் சாப்பிடப் போறப்போ ஸ்க்ரூடிரைவர உன் பில் புக்கு மேல மறந்தா வெச்சுட்டுப் போனேன்? போன வாரம் நீ இல்லாத கவுண்டர்லயும் வெச்சுட்டுப் போனேன் பாரு, அந்த மூணு தடவதான்மா மறதி.