மாமியைப் போகவிடாத ட்ரெயிலர்

ஒட்டுக்கேட்பது பிழை. அது தெரிந்தும், எண்பதுகளின் நடுவில் ஒருநாள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ்ஸில் கேட்டேன். கேட்டுக்கொண்டிருந்ததில் இணுவிலில் இறங்கவும் தவறிவிட்டேன். முன் இருக்கையில் இரண்டு இளம் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்:

“வீட்டிலை ஆளுக்கொரு படம் சொல்லித்தான் எல்லாரையும் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனனான்.”

“ஆளுக்கொரு படமோ?”

“படம் ஒண்டுதானடி. ட்ரெயிலரிலை பாத்ததைப் பிரிச்சுச் சொன்னனான். இவருக்குச் சண்டை. மாமாவுக்கு முருகன் பாட்டு. மாமிக்கு, மகன் தாயின்ரை காலிலை விழுந்து அழுறான் எண்டனான்.”

“மாமி உருகியிருப்பா.”

“உருகித்தான் வந்தவ. படத்திலை பாத்தா, அவன் பெண்சாதியோடை தனிக்குடித்தனம் போறதுக்கு விடைகேட்டு விழுறான்!”

“ஐயோ, துலைஞ்சாய்!”

“‘இனி உனக்குப் படமுமில்லை, ஒண்டுமில்லை’ எண்டு மாமி இடைவேளையிலை எழும்பிட்டா. அந்த நேரம் பாத்து அடுத்த படத்தின்ரை ட்ரெயிலரைப் போட்டாங்கள். அதிலை ஒரு மருமகள் மாமியாருக்குச் சோறு ஊட்டுறாள்.”

“பிறகு?”

“மாமி மெல்லத் திரும்பவும் கதிரையிலை இருந்தா. ‘பிள்ளை, உது எப்ப வருது?’ எண்டு கேட்டா.”